பி.பி. மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது? சேம்பிள் தயாரிக்கப் பழகுபவர்களுக்கு

ஒருவர் 5 மில்லிகிராம் அம்லோடிபின் மாத்திரை ஒன்றை விழுங்குகிறார் என்று வையுங்கள். 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அது ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தில்கூட ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவத்தில்) இருப்பது சுமார் 3 நானோகிராம்தான். விழுங்கியது 50 லட்சம் நானோகிராம். நாம் சோதனைக்கு எடுக்கும் 200 மைக்ரோலிட்டரில் கிடைப்பது வெறும் 0.6 நானோகிராம். அதே 200 மைக்ரோலிட்டரில் புரதம் மட்டும் 14 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். மருந்தைப்போல இரண்டு கோடி மடங்குக்கும் மேல். இது போக உப்பு, கொழுப்பு, பித்தம், அவர் காலையில் சாப்பிட்டது எல்லாம் இருக்கும்.

இந்தக் கூட்டத்திலிருந்து அந்த 0.6 நானோகிராமைச் சேதாரமில்லாமல் வெளியே கொண்டுவருவதுதான் சேம்பிள் தயாரிப்பு. கோடிக்கணக்கில் விலையுள்ள, மூலக்கூறின் நிறையை வைத்து மருந்தை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பக்கத்து அறையில் இருக்கலாம். ஆனால் மேசையில் நடந்த தவறு அதற்குத் தெரியாது. டியூபில் பாதி மருந்து அழிந்திருந்தால் மீதிப் பாதியைத்தான் மிகத் துல்லியமாக அளந்து கொடுக்கும்.

எம்.ஃபார்ம் முடித்து பயோஅனலிட்டிக்கல் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நம் ஊரில் அதிகம் எழுதப்படும் டெல்மிசார்டன் 40 மி.கி. + அம்லோடிபின் 5 மி.கி. கூட்டு மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மருந்துகள் எங்கே வேறுபடும் என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் மருந்தின் குணம்

பிப்பெட்டைத் தொடும் முன் ஒரு தாளில் சில விஷயங்களை எழுதிவையுங்கள்: மருந்து அமிலமா காரமா, கொழுப்பில் கரையுமா தண்ணீரில் கரையுமா, புரதத்தோடு எவ்வளவு ஒட்டும், வெளிச்சம் தாங்குமா, ரத்தத்தில் உள்ள நொதிகள் அதை உடைக்குமா. அப்புறம், மருந்து பிளாஸ்மாவில் இருக்கிறதா சிவப்பணுவுக்குள் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. குளோர்தாலிடோன் என்ற டையூரெடிக்கை (சிறுநீரைப் பெருக்கும் பி.பி. மருந்தை) பாருங்கள். சிவப்பணுவுக்குள் இருக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியோடு அது இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முழு ரத்தத்தில் இருக்கும் அளவு பிளாஸ்மாவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பிளாஸ்மாவில் அளக்கத் திட்டமிட்டு, ரத்தம் எடுக்கும்போது சில சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் உள்ளே இருந்த மருந்து வெளியே கொட்டும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கும், எண் பொய்யாக ஏறும். குளோர்தாலிடோனைப் பலரும் முழு ரத்தத்திலேயே அளப்பதற்குக் காரணம் இதுதான்.

நிஃபெடிபினுக்கு வெளிச்சம் ஆகாது. ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சமே அதை நைட்ரோசோ வடிவத்துக்கு மாற்றிவிடும். ரத்தம் எடுக்கும் இடத்திலிருந்து கருவிக்குள் போகும்வரை மஞ்சள் விளக்கு, பழுப்பு நிற டியூப், அலுமினியத் தாள் மூன்றும் வேண்டும். அம்லோடிபினும் அதே குடும்பம்தான் என்றாலும் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் அதற்கும் பழுப்பு டியூபையே நான் பயன்படுத்துகிறேன். ஒரே பழக்கமாக இருந்தால் கை மறக்காது.

கேப்டோப்ரில் மூலக்கூறில் ஒரு தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) உண்டு. டியூபுக்குள் விட்ட நிமிடத்திலிருந்தே அது புரதத்தோடும் தன்னோடு தானும் சேர்ந்து டைசல்ஃபைடாக மாறத் தொடங்கும். ரத்தம் எடுத்த உடனே அந்தத் தயாலோடு வேறொரு பொருளைப் பிணைத்து நிறுத்தவில்லை என்றால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. நரம்பு வழியாக ஏற்றும் கிளெவிடிபினை ரத்தத்தில் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் ஒரு நிமிட அளவிலேயே பாதியாக்கிவிடும். அதற்கு நொதியைத் தடுக்கும் பொருளை டியூபில் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். எனாலப்ரில் மனிதப் பிளாஸ்மாவில் ஓரளவு தாங்கும், எலிப் பிளாஸ்மாவில் வேகமாக உடையும். எலியில் வேலை செய்தவர் எழுதிய முறையை மனித சேம்பிளுக்கும், மனிதருக்கு எழுதியதை எலிக்கும் அப்படியே எடுத்து வைக்கக்கூடாது.

டெல்மிசார்டனில் வேறொரு சிக்கல். உடலில் அது குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து அசைல் குளுகுரோனைடாக மாறுகிறது. காரத்தன்மை கூடினாலோ சூடானாலோ இந்தக் குளுகுரோனைடு மறுபடி டெல்மிசார்டனாகத் திரும்பிவிடலாம். அப்போது ரத்தத்தில் இல்லாத மருந்தை நீங்கள் மேசையில் உற்பத்தி செய்கிறீர்கள். தரச் சோதனைக்காக நீங்களே தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்த (ஸ்பைக் செய்த) கியூ.சி. சேம்பிளில் குளுகுரோனைடு இல்லாததால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். மனிதரிடமிருந்து வந்த சேம்பிளில் மட்டும் கணக்கு தப்பும். டெல்மிசார்டன் சேம்பிளைக் குளிரில், அமிலப் பக்கம் வைத்தே கையாளுங்கள்.

கையிலிருந்து ஃப்ரீசர் வரை

ரத்தம் உறையாமல் தடுக்கும் கே2 இ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடி டியூப்தான் பொதுவாக வசதி. பச்சை மூடி ஹெப்பாரின் டியூபும் வேலை செய்யும், ஆனால் உறைய வைத்து உருக்கும்போது நூல் நூலாக ஃபைப்ரின் கட்டும் தொல்லை அதில் அதிகம். ஜெல் உள்ள சீரம் டியூபைத் தவிர்த்துவிடுங்கள். கொழுப்பில் கரையும் மருந்தை அந்த ஜெல் உறிஞ்சிக்கொள்ளக்கூடும். எந்த டியூபில் முறையைச் சரிபார்த்தீர்களோ அதே டியூபில்தான் சேம்பிளும் வர வேண்டும்.

ரத்தம் நிரம்பியதும் டியூபை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள், சிவப்பணு உடையும். ஐஸ் தண்ணீரில் நிற்க வைத்து, முறையில் சொன்ன நேரத்துக்குள் (நாங்கள் அரை மணி நேரம் வைத்திருக்கிறோம்) சென்ட்ரிபியூஜுக்குக் கொண்டுபோங்கள். 4 டிகிரியில், 1,500 முதல் 2,000 ஜி (புவியீர்ப்பைப்போல இத்தனை மடங்கு) விசையில், 10 நிமிடம்.

'3,000 ஆர்.பி.எம்.' (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். விசை சுழலியின் ஆரத்தையும் பொறுத்தது. ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்.பி.எம்.மை அதே ஆர்.பி.எம்.மால் பெருக்கி, இரண்டையும் பெருக்கி 0.00001118ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். 10 செ.மீ. ஆரமுள்ள கருவியில் 3,000 ஆர்.பி.எம். என்பது சுமார் 1,000 ஜி. 16 செ.மீ. ஆரத்தில் அதுவே 1,600 ஜி. ஒரே எண்தான், ஆனால் ஒரு கருவியில் பிளாஸ்மா தெளியும், இன்னொன்றில் தட்டணுக்கள் மிதக்கும்.

பிளாஸ்மாவை எடுக்கும்போது அடியில் உள்ள வெள்ளைப் படலத்துக்கு மேலே கொஞ்சம் விட்டுவிடுங்கள். கடைசித் துளிவரை உறிஞ்ச ஆசைப்பட்டால் சிவப்பணுவும் சேர்ந்து வரும். பாலிப்ரொப்பிலீன் டியூபில் இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒன்று வேலைக்கு, இன்னொன்று மறு சோதனைக்கு. இரண்டும் தனித்தனி ஃப்ரீசரில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வைப்பது நல்லது.

லேபிள் விஷயத்தில் ஒரு வார்த்தை. சேர்ந்த முதல் வருடம், மார்க்கர் பேனாவால் டியூபின் மேல் எண் எழுதினேன். அசிட்டோநைட்ரைல் ஒரு துளி பட்டதும் மூன்று டியூபின் எண் வழிந்து போனது. அந்த மூன்றும் யாருடையவை என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம் என்பதால், ரத்தம் கொடுக்கும் தன்னார்வலர் 72 மணி நேரம்வரை திரும்பத் திரும்பக் கையை நீட்டியிருக்கிறார். அந்தக் குத்து ஒவ்வொன்றும் வீண். இப்போது ஃப்ரீசர் தாங்கும் பசையுள்ள அச்சு லேபிள் தவிர வேறெதையும் மேசைக்குள் விடுவதில்லை.

ஸ்டாண்டர்டு தயாரிப்பில் உப்புக் கணக்கு

ஸ்டாண்டர்டு என்பது அளவு தெரிந்த மருந்துக் கரைசல். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பாட்டிலில் இருப்பது அம்லோடிபின் பெசிலேட் என்ற உப்பு, மூலக்கூறு எடை 567. நாம் ரிப்போர்ட்டில் கொடுப்பது அம்லோடிபின், 408.9. பெசிலேட்டில் 72 சதவீதம்தான் அம்லோடிபின். 10 மி.கி. அம்லோடிபின் வேண்டுமென்றால் பெசிலேட்டை 13.87 மி.கி. நிறுக்க வேண்டும். அப்புறம் சான்றிதழில் உள்ள தூய்மையையும் ஈரத்தையும் கழித்துத் திருத்த வேண்டும். இதை மறந்தால் எல்லா முடிவும் ஒரே அளவில் தப்பாக வரும். கியூ.சி.யும் அதே கரைசலிலிருந்து வந்திருந்தால் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. அதனால்தான் கேலிப்ரேஷனுக்கு (கருவியின் சிக்னலை அளவாக மாற்றும் கோடு வரைய) ஒன்று, கியூ.சி.க்கு இன்னொன்று என இரண்டு தனித்தனி ஸ்டாக் (மூலக் கரைசல்) நிறுக்கிறோம்.

மெத்தனாலில் ஸ்டாக் வைத்து, பாதி மெத்தனால் பாதித் தண்ணீரில் நீர்க்கச் செய்யுங்கள். வெறும் தண்ணீரில் நானோகிராம் அளவுக்கு நீர்க்க வைத்தால் கொழுப்பு விரும்பும் மருந்துகள் டியூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மாவில் ஸ்பைக் செய்யும்போது கரைசலின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது: 190 மைக்ரோலிட்டர் வெற்றுப் (மருந்தில்லாத) பிளாஸ்மாவுக்கு 10 மைக்ரோலிட்டர். கூடினால் பிளாஸ்மா பிளாஸ்மாவாக இருக்காது.

மருந்தளவு காணும் முறைகளைச் சரிபார்ப்பதற்காக 2022இல் இறுதியான சர்வதேச ஐ.சி.எச். எம்10 வழிகாட்டியின்படி, பிளாங்க் (மருந்து சேர்க்காத சேம்பிள்) போக குறைந்தது ஆறு கேலிப்ரேஷன் நிலைகள் வேண்டும். குறித்த மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் ஒவ்வொன்றும் விழ வேண்டும், மிகக் கீழ் நிலைக்கு மட்டும் 20.

மேசையில்

தேவையான டியூபை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐஸ் தண்ணீரிலோ முறையில் சொன்ன வெப்பத்திலோ உருக விடுங்கள். 'அறை வெப்பம்' என்று எழுதியிருந்தால் அது சரிபார்த்தபோது இருந்த 22, 25 டிகிரி அறை. ஏ.சி. நின்றுபோன மே மாதத்துச் சென்னை அறை அல்ல. சுவரில் தெர்மாமீட்டர் மாட்டி, எழுதி வையுங்கள்.

உருகியதும் டியூபை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே தண்ணீர்போல வெளிர், அடியில் தேன்போல அடர் மஞ்சள். உறையும்போது சுத்தமான நீர் தனியாகப் பனிக்கட்டியாகி, மற்றதெல்லாம் அடியில் சேர்ந்துகொள்வதால் வரும் அடுக்கு இது. கலக்காமல் மேலிருந்து எடுத்தால் குறைவான அளவு வரும், அடியிலிருந்து எடுத்தால் அதிகம். முழுதாக உருகிய பின் அரை நிமிடமாவது வோர்டெக்ஸில் (டியூபை அதிர்த்துக் கலக்கும் கருவியில்) நன்றாகக் கலக்கி, மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்கு இல்லாமல் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு நிமிடம் சுழற்றினால் ஃபைப்ரின் நூல் அடியில் போய்விடும். அந்த நூல்தான் பிப்பெட் நுனியை அடைத்து 200க்குப் பதில் 140 மைக்ரோலிட்டரைத் தரும். ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் நுனியைக் கண்ணால் பாருங்கள்.

இனி நம் கூட்டு மாத்திரைக்கான சாலிட் ஃபேஸ் முறை. மருந்தைப் பிடித்துவைக்கும் திடப்பொருள் நிரப்பிய சிறு குழாய் (கார்ட்ரிட்ஜ்) வழியாகச் சேம்பிளை இறக்கிப் பிரிப்பது இது.

1. பெயரிட்ட டியூபில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு (இழப்பை ஈடுகட்ட ஒரே அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்) 20 மைக்ரோலிட்டர் விடுங்கள். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) சேர்த்த அம்லோடிபினும் டெல்மிசார்டனும். மருந்தும் சேர்க்காத இரட்டை பிளாங்க் டியூபுக்கு மட்டும் இது கிடையாது, அதற்கு வெறும் கரைப்பான்.

2. பிளாஸ்மா 200 மைக்ரோலிட்டர். பிளாஸ்மா கெட்டியானது, மெதுவாக உறிஞ்சி மெதுவாக விடுங்கள். முதலில் ஒருமுறை நுனியைப் பிளாஸ்மாவால் நனைத்துவிட்டு எடுத்தால் அளவு சீராக இருக்கும். பத்து விநாடி வோர்டெக்ஸ்.

3. 4 சதவீத ஆர்த்தோ பாஸ்பாரிக் அமிலம் 200 மைக்ரோலிட்டர், மறுபடி வோர்டெக்ஸ். டெல்மிசார்டன் 99.5 சதவீதத்துக்கும் மேல் புரதத்தில் ஒட்டியிருக்கும். அமிலம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இதை விட்டுவிட்டால் மருந்து புரதத்தின் தோளில் ஏறிக் கார்ட்ரிட்ஜைக் கடந்து குப்பைக்குப் போய்விடும்.

4. எச்.எல்.பி. (நீரையும் கொழுப்பையும் விரும்பும்) வகை 30 மி.கி. கார்ட்ரிட்ஜை 1 மி.லி. மெத்தனால், பின் 1 மி.லி. தண்ணீர் விட்டுத் தயாராக்குங்கள். இந்த வகை இடையில் கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும். சி18 (கொழுப்பை மட்டும் விரும்பும் வகை) என்றால் காயவே விடக்கூடாது.

5. சேம்பிளை ஏற்றுங்கள். துளித் துளியாக இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் வேண்டாம். வேகமாக உறிஞ்சினால் மருந்துக்கு ஒட்ட நேரம் கிடைக்காது.

6. தண்ணீர் 1 மி.லி., அடுத்து 5 சதவீத மெத்தனால் 1 மி.லி. விட்டுக் கழுவுங்கள். உப்பும் புரதமும் போகும். பின் காற்றை ஒரு நிமிடம் இழுத்து நன்றாக உலர விடுங்கள். இங்கே மிஞ்சும் தண்ணீர்தான் பிறகு ஆவியாகாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

7. புதிய டியூப் வைத்து, மெத்தனால் 500 மைக்ரோலிட்டரை இரண்டாகப் பிரித்து விட்டு மருந்தை இறக்குங்கள்.

8. 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். காய்ந்ததும் எடுத்துவிடுங்கள், எண்ணெய்ச் சட்டிபோல மறந்துவிட்டுப் போகாதீர்கள். நீண்ட நேரம் காய்ந்தால் சுவரில் ஒட்டியது திரும்ப வராது.

9. மொபைல் ஃபேஸ் (கருவிக்குள் சேம்பிளைக் கொண்டுசெல்லும் கரைப்பான்) 200 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். வோர்டெக்ஸ் செய்யும்போது டியூபைச் சாய்த்துச் சுவர் முழுக்க நனையச் செய்யுங்கள். சுழற்றித் தெளிந்ததைக் கருவிக்கான சிறு குப்பிக்கு மாற்றுங்கள். கருவிக்குள் 10 டிகிரிக்குக் கீழ் காத்திருக்கட்டும்.

மற்ற வழிகள்

புரதத்தை வீழ்த்துவதுதான் எல்லாவற்றிலும் எளிது. 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு 300 மைக்ரோலிட்டர் குளிர்ந்த அசிட்டோநைட்ரைல், வோர்டெக்ஸ், 12,000 ஜியில் 10 நிமிடம். டெல்மிசார்டன், வால்சார்டன்போல ரத்தத்தில் தாராளமாக இருக்கும் மருந்துக்கு இதுவே போதும். ஆனால் மருந்து நான்கு மடங்கு நீர்த்துவிடும், பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு எல்லாம் அப்படியே கூட வரும். மெத்தனாலும் பயன்படுத்தலாம், ஆனால் படிவு பொடிப்பொடியாகி அடியில் உட்காராமல் அலையும். மேல் திரவத்தில் முக்கால் பங்கு அசிட்டோநைட்ரைல் இருப்பதால் அப்படியே கருவியில் விட்டால் சிகரம் (மருந்தின் சிக்னல் காட்டும் மேடு) அகன்றுபோகும். சம அளவு தண்ணீர் கலந்து விடுங்கள்.

திரவத்திலிருந்து திரவத்துக்குப் பிரிப்பது விலை குறைவு, சேம்பிள் மிகச் சுத்தமாக வரும். மருந்து மின்னேற்றம் இல்லாமல் இருந்தால்தான் அது கரைப்பானுக்குத் தாவும். அம்லோடிபின் காரம் என்பதால் பிளாஸ்மாவில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து எம்.டி.பி.இ. ஈதரில் பிரித்தால் அழகாக வரும். டெல்மிசார்டனில் கார்பாக்சிலிக் அமிலம் இருப்பதால் அதே காரத்தில் மின்னேற்றம் பெற்றுத் தண்ணீரிலேயே தங்கிவிடும், குளுகுரோனைடு உடையும் ஆபத்தும் சேரும். ஒரே மாத்திரையில் இருக்கும் இரண்டுக்கும் இரண்டு எதிரெதிர் பி.எச். வேண்டியிருப்பதால்தான் மேலே கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தேன். அட்டெனோலால் தண்ணீரை அதிகம் விரும்புவது, ஈதருக்கு எளிதில் வராது. ஹைட்ரோகுளோரோதயசைடுக்கு எத்தில் அசிட்டேட் நன்றாகப் பொருந்தும், கருவியில் அதை நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயனியாக) பார்க்க வேண்டும்.

மருந்து காணாமல் போனது எங்கே?

சிக்னல் குறைவாக வந்தால் உடனே கார்ட்ரிட்ஜைத் திட்டாதீர்கள். 2003இல் மாட்டுஷெவ்ஸ்கியும் சகாக்களும் விவரித்த மூன்று கூட்ட முறை ஒரு பகல் வேலைதான். முதல் கூட்டம், சுத்தமான கரைப்பானில் மருந்து. இரண்டாவது, வெற்றுப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்த பிறகு மருந்து சேர்த்தது. மூன்றாவது, பிரிப்பதற்கு முன்பே சேர்த்தது. மூன்றின் சிகரப் பரப்பு 100, 80, 60 என்று வந்தால், பிளாஸ்மாவின் மிச்சம் கருவியில் 20 சதவீதத்தை அமுக்குகிறது, பிரித்தெடுப்பதில் கிடைப்பது 75 சதவீதம். முதலையும் மூன்றையும் மட்டும் ஒப்பிட்டால் 40 சதவீதம் தொலைந்தது என்று தெரியுமே தவிர, எங்கே தொலைந்தது என்று தெரியாது. இதை ஒரே பிளாஸ்மாவில் செய்யாமல் ஆறு வெவ்வேறு ஆட்களின் பிளாஸ்மாவில் செய்யுங்கள். கொழுப்பு மிகுந்தது, சிவப்பணு உடைந்தது இரண்டையும் தனியாகச் சேர்த்துப் பாருங்கள்.

சிறுநீர் வந்தால்

நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க மட்டும் என்றால் சிறுநீரே போதும். 2014இல் பிரிட்டனின் லெஸ்டரில் 208 பேரின் சிறுநீரை இப்படிச் சோதித்தபோது, 25 சதவீதம் பேர் எழுதிக்கொடுத்த பி.பி. மருந்தை முழுதாகவோ பகுதியாகவோ எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. அவர்களுக்கு மருந்தை ஏற்றுவதைவிட உட்கார்ந்து பேசுவதே தேவை. எனக்கு இந்தத் துறை பிடித்ததற்கு அது ஒரு காரணம்.

சிறுநீரில் புரதம் அதிகம் இல்லாததால் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, சுழற்றி, நேராகக் கருவியில் விடலாம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சிறுநீரில் உப்பு படிந்திருக்கும், அதோடு மருந்தும் ஒட்டியிருக்கலாம். வெதுவெதுப்பாக்கிக் கலக்கிய பிறகே எடுங்கள். அட்டெனோலாலும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பெரும்பாலும் மாறாமலே சிறுநீரில் வரும். அம்லோடிபின் பத்தில் ஒரு பங்குதான் அப்படி வரும், அதனால் அதற்குக் கண்டறியும் எல்லையைக் கீழே வைக்க வேண்டும்.

உங்கள் உடம்பு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் மேசைக்கு வராதீர்கள். எந்தச் சேம்பிளையும் தொற்றுள்ளது என்றே எண்ணிக் கையாளுங்கள். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிப்படி பிளாஸ்டிக் நுனியும் டியூபும் சிவப்புப் பைக்கு, ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, கண்ணாடி நீலத்துக்கு. கரைப்பானைத் தொட்டியில் கொட்டவே கூடாது.

மறு சோதனை

எல்லாம் முடிந்து எண் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. முதல் ஆயிரம் சேம்பிளில் 10 சதவீதத்தை, அதற்கு மேல் உள்ளவற்றில் 5 சதவீதத்தை, வேறொரு நாள் மறுபடி எடுத்துச் சோதிக்க வேண்டும். உச்சத்துக்கு அருகில் சில, கடைசி மணிநேரங்களிலிருந்து சில என்று தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு சேம்பிளிலாவது, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றின் சராசரியில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டெல்மிசார்டன் மட்டும் இரண்டாவது முறை கூடுதலாக வருகிறதென்றால் எனக்கு முதலில் குளுகுரோனைடு மேல்தான் சந்தேகம். இரண்டு மருந்துமே கூடியும் குறைந்தும் தாறுமாறாக இருந்தால், உருகிய டியூபை யார் கலக்கினார்கள், எவ்வளவு நேரம் கலக்கினார்கள் என்று அன்றைய நோட்டைத் திறந்து பாருங்கள்.